வெங்காயக் கண்ணீரும் எட்டிக்காய் நஞ்சும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் நொதிகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். உயிரணுக்குள் வேதிவினைகளை நடத்தி வைக்கும் புரதத்துக்கு நொதி என்று பெயர், தின்ற சோறு செரிப்பது அதனால்தான் என்று, அவ்வளவுதான். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பாட்டு: "செரிப்பது உடைக்கிற வேலை. கட்டுகிற வேலையை யார் செய்கிறார்கள்? மஞ்சளின் நிறமும் வேம்பின் கசப்பும் எங்கிருந்து வருகின்றன?" நியாயமான கேள்வி. எனவே இந்த முறை முழுக்க அதுதான். மூட்டு வலிக்கு மருந்து கேட்டு எழுதியவர்கள் மன்னிக்கவும், நான் டாக்டர் இல்லை, ஓய்வு பெற்ற வேதியியல் வாத்தியார்.

வாசகி, ஒட்டன்சத்திரம்: முழு வெங்காயத்தைக் கையில் வைத்திருந்தால் கண் எரிவதில்லை, நறுக்கினால்தான் எரிகிறது. வேகவைத்து உரித்தாலும் எரிவதில்லை. ஏன்?

ஏனென்றால், நறுக்குகிற வரைக்கும் அந்தக் கண்ணீர்ப் பொருள் வெங்காயத்தில் இல்லவே இல்லை! நீங்கள் கத்தி வைத்த பிறகுதான் அது தயாராகிறது.

வெங்காயத்தின் உயிரணுக்குள் கந்தகம் சேர்ந்த ஓர் அமினோ அமிலம் (புரதங்களைக் கட்டும் செங்கல் வகை) ஒரு பக்கம் சும்மா கிடக்கும். அல்லினேஸ் என்ற நொதி தனியாக ஒரு பைக்குள் அடைந்து கிடக்கும். கத்தி பட்டதும் பை கிழிந்து இரண்டும் சந்திக்கின்றன, நொதி அந்த அமிலத்தை வெட்டுகிறது, வெட்டிய துண்டை இன்னொரு நொதி கையில் வாங்கி அணுக்களைக் கொஞ்சம் இடம் மாற்றி வைக்கிறது, உடனே அது ஆவியாகி உங்கள் கண்ணுக்குக் கிளம்பி விடுகிறது. இந்த இரண்டாவது நொதி ஒன்று இருக்கிறது என்பதே 2002ஆம் ஆண்டு வரைக்கும் யாருக்கும் தெரியாது. முதல் வெட்டுக்கு அப்புறம் மீதி தானாக நடக்கிறது என்றுதான் பாடப் புத்தகங்களில் இருந்தது. ஜப்பானில் ஹவுஸ் ஃபுட்ஸ் என்ற உணவு நிறுவனத்தின் ஆய்வாளர்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். 2013இல் அவர்களுக்கு இக் நோபல் கொடுத்தார்கள். முதலில் சிரிக்க வைத்து அப்புறம் யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிக்குத் தருகிற பரிசு அது.

வேகவைத்தால் நொதி என்கிற புரதம், முட்டை வெந்து கெட்டியாவது போல, உருவம் குலைந்து போகும். வேலை நின்றுவிடும். பூண்டிலும் இதே அல்லினேஸ்தான். ஆனால் அதில் கிடக்கும் கந்தகப் பொருள் சற்று வேறு, இரண்டாவது நொதியும் கிடையாது. அதனால் வெட்டிய துண்டுகள் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு அல்லிசின் ஆகின்றன. பூண்டை நசுக்கியதும் வரும் நெடி அதுதான். முழுப் பல்லாகக் குழம்பில் போட்டு வேகவைத்தால் அந்த நெடி வராமல் இனிப்பாக இருப்பதன் காரணமும் உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

மஞ்சள் விவசாயி, ஈரோடு: மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தான் இப்போது விலை பேசுகிறார்கள். அந்தக் குர்குமினைச் செடி எப்படிச் செய்கிறது?

வெறும் மூன்று துண்டுகளை ஒட்டித்தான். இரண்டு பெரிய துண்டு, நடுவில் ஒரு சின்னத் துண்டு. பெரிய துண்டுக்கு ஃபெரூலிக் அமிலம் என்று பெயர், ஃபினைல் அலனின் என்ற சாதாரண அமினோ அமிலத்திலிருந்து செடி அதைச் செய்துகொள்கிறது. நடுத் துண்டு மலோனிக் அமிலம். இப்படி ஒட்டுவதற்கு மஞ்சள் கிழங்கில் இரண்டு வகை நொதிகள் இருக்கின்றன, ஒன்று முதல் பெரிய துண்டோடு நடுத் துண்டைச் சேர்த்துக் கொடுக்கும், இன்னொன்று அதன் மறுமுனையில் அடுத்த பெரிய துண்டைக் கோத்துவிடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் இந்த இரண்டையும் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

உங்கள் மஞ்சளில் குர்குமின் மட்டும் இல்லை, அதன் தம்பிகள் இரண்டு பேரும் உண்டு. நொதி அவ்வளவு கறார் கிடையாது, ஃபெரூலிக் துண்டுக்குப் பதில் அதைவிட ஒரு கிளை குறைந்த கூமாரிக் துண்டு வந்தாலும் எடுத்து ஒட்டிவிடும். இரண்டு பக்கமும் ஃபெரூலிக் என்றால் குர்குமின், ஒரு பக்கம் மாறினால் ஒரு தம்பி, இரண்டு பக்கமும் மாறினால் இன்னொரு தம்பி. ஒரே ஆள், மூன்று சரக்கு.

இதைவிட வேடிக்கை ஒன்று சொல்கிறேன். நெல் செடியிலும் இப்படி ஒரு நொதி இருக்கிறது! மஞ்சளில் இரண்டு பேர் செய்வதை நெல்லின் நொதி ஒற்றை ஆளாகச் செய்துவிடும், கூமாரிக் துண்டுகளைக் கொடுத்தால் இரண்டாவது தம்பியைக் கட்டிக் கொடுக்கும். 2007இல் பாக்டீரியாவுக்குள் அந்த மரபணுவை வைத்துப் பார்த்துச் சொன்னார்கள். ஆனால் வயலில் நிற்கும் நெல்லில் மஞ்சள் நிறத்தை யார் பார்த்தார்கள்? கையில் தொழில் இருந்தும் கடை திறக்காத ஆள் போல இருக்கிறது அது.

எம்.எஸ்ஸி மாணவர், திருச்சி: டெர்பீன் வகைச் சேர்மங்கள் மட்டும் எண்பதாயிரத்துக்கு மேல் என்று படித்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நொதி, ஒரு மரபணு என்றால் எந்தச் செடியால் தாங்க முடியும்? இவ்வளவு வகை எப்படிச் சாத்தியம்?

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எடுத்துக்கொண்டேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். முப்பது வருடம் வகுப்பில் நின்று "நொதி என்பது வினையின் வேகத்தைக் கூட்டும் பொருள்" என்று சொல்லிக் கொடுத்தேன். தேர்வில் அப்படி எழுதினால்தான் மதிப்பெண்ணும் போட்டேன். அது பாதிதான் உண்மை. உங்கள் கேள்விக்கு விடை மீதிப் பாதியில் இருக்கிறது.

டெர்பீன்களுக்கு எல்லாம் மூலப்பொருள் ஐந்து கார்பன் கொண்ட ஒரே துண்டு. ஐசோப்ரீன் கணக்கு என்போம். ருசிக்கா என்ற வேதியியலாளர் (1939இல் நோபல் வாங்கியவர்) இந்தக் கணக்கைத் தெளிவாக வகுத்துக் கொடுத்தார். இரண்டு துண்டு சேர்ந்தால் பத்து கார்பன், மூன்று என்றால் பதினைந்து, ஆறு என்றால் முப்பது. எலுமிச்சைத் தோலின் வாசனை பத்து, சந்தனத்தின் மணம் பதினைந்து, வேம்பின் கசப்பு முப்பதில் தொடங்கி வருவது. இதுவரைக்கும் பெரிய விசேஷம் இல்லை, சங்கிலி செய்கிற வேலைதான். விசேஷம் அடுத்த படியில்.

சங்கிலியின் ஒரு முனையில் பாஸ்பேட் தொங்கிக் கொண்டிருக்கும். நொதி அதைக் கழற்றி எறிகிறது. கழற்றியதும் அந்த முனைக் கார்பன் எலக்ட்ரான் இல்லாமல் அலைபாயும். யார் அகப்பட்டாலும் கட்டிக்கொள்ளும், பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தால் தண்ணீரையே பிடித்துக்கொண்டு கதையை முடித்துவிடும். கதை அப்படி முடியாமல் பார்த்துக்கொள்வதுதான் நொதியின் வேலை. அது தன் நடுவிலே ஒரு குழி வைத்திருக்கிறது, எண்ணெய்ப் பசை உள்ள அமினோ அமிலங்களால் சுவர் எழுப்பிய குழி, தண்ணீர் உள்ளே வர முடியாது. சங்கிலி அதற்குள் எப்படி மடங்கி உட்காருகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அந்த அலைபாயும் கார்பன் எந்தக் கார்பனை எட்டிப் பிடிக்கும், வளையம் ஐந்தாக வருமா ஆறாக வருமா பதினொன்றாக வருமா என்பதெல்லாம். வளையம் போட்டதும் அலைச்சல் இன்னொரு கார்பனுக்கு மாறும், அது இன்னொன்றைப் பிடிக்கும். கடைசியில் ஒரு ஹைட்ரஜனை உதறிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

பாருங்கள், இதில் வேகம் பெரிய பிரச்சினையே இல்லை. அந்த மூலக்கூறு தானாகவே வெறி பிடித்து ஓடுகிறது. போகக்கூடாத பாதைகளை அடைப்பதுதான் நொதியின் கெட்டிக்காரத்தனம். வாய்க்காலில் தண்ணீரை யாரும் தள்ளிக்கொண்டு போவதில்லை. மடையை எங்கே அடைப்பது, எங்கே திறப்பது என்று பார்க்கிறவன்தான் நீர் பாய்ச்சுகிறவன்.

அடைப்பு தளர்வாக இருந்தால் என்ன ஆகும்? வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வளரும் கிராண்ட் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தில் ஒரு நொதி இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு பதினைந்து கார்பன் சங்கிலியைக் கொடுத்தார்கள், திரும்பி வந்தது 52 விதமான சேர்மங்கள். ஒரு மரபணு, ஒரு நொதி, 52 சரக்கு. 1998இல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ராட்னி குரோட்டோவின் குழு கண்டது இது. எட்டு வருடம் கழித்து கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதே நொதியின் குழிச் சுவரில் சில அமினோ அமிலங்களை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றும் வேறு வேறு சேர்மத்தை முக்கியமாகத் தருகிற ஏழு நொதிகளாகப் பிரித்தெடுத்தார்கள். அந்த ஏழு வழியும் பழைய நொதிக்குள் முன்பே திறந்து கிடந்த வழிகள்தான், மற்றவற்றை அடைத்ததுதான் புதிது.

உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி இன்னொரு கணக்கு. நம் வீட்டுப் புதினாவின் வாசனை கார்வோன், மெந்தால் வருவது பெப்பர்மின்ட் இனத்தில். இரண்டு செடியும் எலுமிச்சைத் தோலில் மணக்கிற அதே பத்து கார்பன் லிமோனீனில்தான் தொடங்குகின்றன. புதினாவின் நொதி லிமோனீனின் ஆறாவது கார்பனில் ஓர் ஆக்சிஜனைச் செருகுகிறது, பெப்பர்மின்டின் நொதி மூன்றாவதில். புதினாவின் நொதியில் சுமார் ஐந்நூறு அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கின்றன. அதில் 363ஆம் இடத்தில் இருக்கும் ஒன்றை மட்டும் மாற்றினார்கள், ஃபினைல் அலனினை எடுத்துவிட்டு ஐசோலூசின். அவ்வளவுதான், புதினாவின் நொதி பெப்பர்மின்டின் வேலையைச் செய்ய ஆரம்பித்துவிட்டது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த இந்த வேலையும் குரோட்டோவின் ஆய்வகத்தில்தான். ஒரே ஓர் எழுத்துப் பிழையில் வாசனை மாறிப் போகிறது என்றால், கோடிக்கணக்கான வருடங்களில் செடிகளுக்குள் எத்தனை எழுத்துப் பிழை நடந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்று, சதகுப்பையிலும் இதே கார்வோன்தான் இருக்கிறது, ஆனால் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல இடம் வலம் மாறியது. அணுக்கள் எல்லாம் அதே. மூக்குக்கு மட்டும் வேறு வாசனை.

மரபணு எண்ணிக்கை பற்றிக் கேட்டீர்கள். ஆக்சிஜன் செருகும் அந்த வகை நொதிகளுக்கு பி-450 என்று பெயர். மனிதனிடம் 57 மரபணுக்கள் இருக்கின்றன இந்த வகையில். அரபிடாப்சிஸ் என்ற கையளவு கடுகு இனச் செடியிடம் இருநூற்று நாற்பதுக்கும் மேல். ஆபத்து வந்தால் நாம் ஓடிவிடலாம், செடியால் முடியாதே. ஒரு மரபணு தவறிப்போய் இரண்டு பிரதியாகிவிட்டால், ஒன்று பழைய வேலையைப் பார்க்கும், மற்றது பிழை விட்டுப் பழகலாம். அப்படிப் பழகியதில் ஏதோ ஒன்று பூச்சியைத் துரத்தினால் அது நிலைத்துவிடும்.

இல்லத்தரசி, சேலம்: குடைமிளகாய் ஏன் காரமே இல்லை?

காரம் செய்கிற நொதியின் மரபணுவில் ஒரு பெரிய துண்டு அறுந்து போயிருக்கிறது. அந்த மரபணுவுக்குப் பெயர் பன்-1, 2005இல் அடையாளம் காட்டினார்கள். மற்ற மிளகாயில் அது சரியாக வேலை செய்யும். இன்னொன்று, காரம் விதையில் இல்லை, விதை ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வெள்ளைத் தண்டில்தான் உற்பத்தி. பச்சை மிளகாயில் காரம் குறைக்க விதையை மட்டும் தட்டிவிட்டு வெள்ளையை விட்டுவைப்பவர்கள் கவனிக்கவும்.

வாசகர், சாத்தூர்: எங்கள் பக்கம் நித்தியகல்யாணி பயிரிட்டு இலையைக் காயவைத்து வியாபாரிக்குப் போடுகிறார்கள். கேன்சர் மருந்துக்கு என்கிறார்கள். இந்தக் காலத்திலும் ஏன் ஆலையில் செய்ய முடியாமல் இலைக்கு அலைகிறார்கள்?

உண்மைதான், அந்த இலையில்தான் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரண்டு மருந்துகள் இருக்கின்றன. இரண்டாவது, குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுப்பது. கனடாவில் நோபிள், பீர் என்ற இரண்டு பேர் 1950களில் இந்த இலைக்குச் சர்க்கரை நோய் குணமாகுமா என்று எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் மருந்து கிடைத்திருக்காது.

ஏன் ஆலையில் முடியவில்லை என்றால், அதன் கட்டுமானம் அப்படி. செடி இரண்டு சாதாரணப் பொருட்களில் ஆரம்பிக்கிறது, ஒன்று டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம், இன்னொன்று திருச்சி மாணவருக்குச் சொன்னேனே அந்தப் பத்து கார்பன் சங்கிலி. இரண்டையும் தனித்தனியாகச் செதுக்கி ஒரு நொதி ஒட்டுகிறது, கிடைப்பதற்கு ஸ்ட்ரிக்டோசிடின் என்று பெயர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பதிலில் தேவைப்படும். அதிலிருந்து விண்டோலின் என்ற பாதியும் கதராந்தின் என்ற மறுபாதியும் தனித்தனியாகத் தயாராகி, கடைசியில் இரண்டும் சேர்ந்தால் வின்பிளாஸ்டின். மொத்தம் முப்பது படிகளுக்கு மேல்.

அந்த முப்பதும் ஓர் இடத்தில் நடப்பதும் இல்லை. முதல் பகுதி இலை நரம்பை ஒட்டிய உயிரணுக்களில், நடுப்பகுதி இலையின் மேல்தோலில், விண்டோலின் முடிவது பால் ஓடும் உயிரணுக்களில். கதராந்தின் இலைக்கு மேலே மெழுகுப் பூச்சில் போய்ச் சேருகிறது. இரண்டு பாதியும் இப்படிப் பிரிந்து கிடப்பதால்தான் இலையில் மருந்து அவ்வளவு குறைவு, ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டியிருக்கிறது. செடியைக் குறை சொல்லாதீர்கள், அது நமக்காகவா செய்கிறது? ஸ்ட்ரிக்டோசிடினை ஒரு பைக்குள் வைத்துவிட்டு, அதை உடைத்து விஷமாக்கும் நொதியை உட்கருவுக்குள் வைத்திருக்கிறது. புழு கடித்தால் இரண்டும் கலந்து வெடிக்கும். அதே வெங்காயத் தந்திரம்தான்!

இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் மையத்தில் சாரா ஓ'கானர் குழு 2018இல் இந்தப் பாதையில் தெரியாமல் இருந்த கடைசி நொதிகளைக் கண்டுபிடித்துவிட்டது. 2022இல் பெர்க்லியின் ஜே கீஸ்லிங் முதலானவர்கள் 34 வேற்று மரபணுக்களை ஈஸ்டுக்குள் புகுத்தி, ரொட்டி மாவைப் புளிக்க வைக்கிற அதே ஈஸ்டைக் கொண்டு விண்டோலினையும் கதராந்தினையும் செய்ய வைத்தார்கள். இரண்டு பாதியை ஒட்டுவதை மட்டும் வெளியே வேதியியல் முறையில் செய்துகொண்டார்கள். கிடைத்தது லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான். அதனால் உங்கள் ஊர் வியாபாரி இப்போதைக்குக் கடையைக் கட்ட வேண்டியதில்லை.

வாசகர், கும்பகோணம்: இயற்கையாகக் கிடைப்பது எல்லாம் உடம்புக்கு நல்லது, செயற்கைதான் கெடுதல் என்பது என் கருத்து. உங்கள் கருத்து?

எட்டிக்காயைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று சொல்ல வாய் வருகிறது, வேண்டாம், சொல்ல மாட்டேன். "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்? எட்டி விதையில் இருக்கும் ஸ்ட்ரிக்னின் ஆளைக் கொல்லும் விஷம், நூறு சதவீதம் இயற்கை.

ஆனால் உங்கள் கடிதத்தை நான் எடுத்துக்கொண்டது வேறு காரணத்துக்கு. அந்த ஸ்ட்ரிக்னின் எங்கிருந்து தொடங்குகிறது தெரியுமா? அதே ஸ்ட்ரிக்டோசிடின்! புற்றுநோய் மருந்துக்கும் எட்டி விஷத்துக்கும் செங்கல் ஒன்று. மலேரியாவுக்கு நீலகிரியில் சிங்கோனா மரம் வளர்த்துக் குவினின் எடுத்தார்களே, அதுவும் இதிலிருந்துதான். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த சர்ப்பகந்தாவின் ரெசர்பினும் அப்படியே. இந்த ஒரு சேர்மத்திலிருந்து மட்டும் செடிகள் சுமார் மூவாயிரம் பொருட்களைச் செய்து வைத்திருக்கின்றன. மருந்தா விஷமா என்று ஸ்ட்ரிக்டோசிடினுக்குத் தெரியாது, அடுத்து எந்த நொதியின் கையில் சிக்குகிறது என்பதுதான் விஷயம்.

எட்டியின் பாதையை ஓ'கானர் குழுதான், ஜெர்மனியில் ஜீனா நகரத்துக்குப் போன பிறகு, 2022இல் முழுதாகக் கண்டுபிடித்தது. அதில் இரண்டு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. எட்டியின் உறவுக்காரச் செடி ஒன்று ஸ்ட்ரிக்னின் செய்யாது, அதற்குப் பதில் டயபோலின் என்ற வேறொன்றைச் செய்யும். காரணம், ஒரு நொதி மலோனிக் துண்டை ஒட்டுமா அசிட்டிக் துண்டை ஒட்டுமா என்பது, அதுவும் அந்த நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலத்தைப் பொறுத்தது. இரண்டாவது, ஸ்ட்ரிக்னினுக்கான கடைசிப் படிக்கு நொதியே வேண்டியதில்லை, அது தானாகவே மூடிக்கொள்கிறது. ஆளை நிறுத்தத் தேவையில்லாத இடத்தில் செடி ஆளை நிறுத்துவதில்லை.

வாசகி, மதுரை: வேப்பெண்ணெய்யில் பூச்சியை விரட்டும் பொருளை ஆய்வகத்தில் செய்துவிட்டார்களா?

அசாடிராக்டின். செய்துவிட்டார்கள், 2007இல், கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழு. ஆரம்பித்து 22 வருடம் கழித்து! வேப்ப மரம் அதை ஒவ்வொரு கோடையிலும், அதுவும் நம் வெயிலில் நின்றுகொண்டு, அமிலம் வேண்டாம் மைனஸ் டிகிரி வேண்டாம் என்று விதைக்குள் செய்து கீழே உதிர்த்துவிட்டுப் போகிறது. முப்பது கார்பன் சட்டத்தை முதலில் கட்டி, நான்கு கார்பனைப் பிய்த்து எறிந்து, மீதி 26இல் ஆக்சிஜன்களை ஏற்றி வைத்த வீடு அது. லே குழுவின் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை, உலகத்தில் அப்படிப்பட்ட வேதியியல் குழுக்களை விரல் விட்டு எண்ணலாம். ஆனால் பூச்சி மருந்துக்கு வேப்பங்கொட்டை பொறுக்குவதுதான் மலிவு.

மருந்துக் கடை ஊழியர், மதுரை: எரித்ரோமைசின் மண்ணிலிருந்து வந்தது என்று படித்தேன். மூளையே இல்லாத பாக்டீரியா அவ்வளவு சிக்கலான மருந்தை எப்படிச் செய்கிறது?

மூளை உள்ள நம்மால் முடியாததால் அப்படித் தோன்றுகிறது, விடுங்கள்.

1949இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் இலோய்லோ பகுதி மண்ணை அபலார்டோ அகிலார் என்ற டாக்டர் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்துக்கு அனுப்பினார். அதிலிருந்து 1952இல் வந்த மருந்து இது. பாக்டீரியா செய்கிற விதம் செடியினுடையதைப் போல இல்லை. இங்கே நொதிகள் ஒரே வரிசையில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, பந்தியில் பரிமாறுகிற மாதிரி, முதல் ஆள் இலை போடுவார், அடுத்தவர் உப்பு, அடுத்தவர் கூட்டு. மூன்று ராட்சதப் புரதங்கள், ஒவ்வொன்றிலும் மூவாயிரத்துக்கு மேல் அமினோ அமிலங்கள். நம் ரத்த ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் நூற்றைம்பதுகூடக் கிடையாது, ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் சேர்த்து ஆறு நிலையங்கள். முதலில் மூன்று கார்பன் துண்டு ஒன்று ஏறும், ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு துண்டு சேரும், சேர்ந்த இடத்தில் ஆக்சிஜனை அப்படியே வைப்பதா, ஹைட்ரஜன் கொடுத்து மாற்றுவதா, முழுக்கக் களைவதா என்று அந்தந்த நிலையத்தில் இருக்கும் கருவிகள் தீர்மானிக்கும். கடைசியில் தலையும் வாலும் சேர்ந்து பதினான்கு அணு வளையமாகி இறங்கும். அப்புறம் இரண்டு சர்க்கரை ஒட்டினால்தான் மருந்து.

மருந்தின் உருவம் நிலையங்களின் வரிசையிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் இதில் அழகு. 1990, 91இல் மரபணுக்களைப் படித்தபோது இது தெரியவந்தது. உடனே ஒரு நிலையத்தில் ஒரு கருவியை மட்டும் கெடுத்துப் பார்த்தார்கள், வளையத்தில் சரியாக அதே இடத்தில் மட்டும் மாற்றம் வந்தது. நீங்கள் தினமும் விற்கிற அசித்ரோமைசின் மட்டும் இப்படி வந்ததில்லை, எரித்ரோமைசினை எடுத்து மனிதர்கள் வேதியியல் முறையில் திருத்திச் செய்தது அது.

வாசகர், யாழ்ப்பாணம்: நாங்கள் பள்ளியில் நொதியம் என்று படித்தோம். நீங்கள் நொதி என்கிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி. தமிழ்நாட்டுப் பாடப் புத்தகத்தில் நொதி, உங்களிடம் நொதியம், என் பேரனிடம் கேட்டால் என்சைம். நொதித்தல் என்றால் புளித்துப் பொங்குவது, ஈஸ்ட் சர்க்கரையைப் புளிக்க வைப்பதை ஆராய்ந்தபோது பிடிபட்ட பொருள் என்பதால் அந்தப் பெயர் பொருத்தம்தான். என்சைம் என்ற சொல்லுக்கே "ஈஸ்டுக்குள் இருப்பது" என்றுதான் கிரேக்க மொழியில் பொருள்.

வாசகி, குன்னூர்: நான் டீ, என் கணவர் காபி. டீயில் இருக்கும் காஃபீன் மென்மையானது, காபியில் இருப்பது கெடுதல் என்று நான் சொல்கிறேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தீர்ப்பு சொல்லுங்கள்.

தீர்ப்பு அவர் பக்கம், மன்னிக்கவும். இரண்டிலும் ஒரே காஃபீன், ஓர் அணு வித்தியாசம் கிடையாது. ஒரு கோப்பைக்கு எவ்வளவு என்பதில் வேண்டுமானால் வித்தியாசம் இருக்கும், பொதுவாகக் காபியில் கூடுதல்.

ஆனால் நீங்கள் முழுக்கத் தோற்கவும் இல்லை. காபிச் செடியும் தேயிலையும் காஃபீன் செய்யும் தொழிலை ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ளவில்லை. 2014இல் ரொபஸ்டா காபியின் மரபணுத் தொகுப்பைப் படித்தபோது, அங்கே அந்த வேலையைச் செய்யும் நொதிகள் தேயிலையின் நொதிகளிலிருந்து தனியாக, வேறு மூதாதை நொதிகளிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. இரண்டும் கையில் கிடைத்த சாந்தோசின் என்ற அதே பொருளை எடுத்து, மெத்தில் என்ற ஒரு கார்பன் கிளைகளை ஒவ்வொன்றாக மூன்று இடத்தில் ஒட்டி, அவரவர் வழியில் ஒரே பொருளில் வந்து நிற்கின்றன. உங்கள் டீ உங்கள் டீதான், அவர் காபி அவர் காபிதான். ராத்திரி தூக்கம் வராவிட்டால் மட்டும் இருவரும் ஒரே காரணத்தைச் சொல்லலாம்.